நிலத்தடித் தண்ணியும் பெரிய நீரோட்டமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஸ்ரௌவ்வில் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் புத்தாண்டு மலரில் இடம்பெறுகிறது.)



எனக்குத் தந்த நேரம் இருபது நிமிஷம். தந்த தலைப்புக் கொஞ்சம் புதினமானது. "இலத்திரனியல் இசையின் சிறு பிரிவுகள் நிலக்கீழ் இசையா, பெருநீரோட்ட இசையா?" அறிவித்தலைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னட்டைக் கேட்டார், "தம்பி, உதென்ன கரண்ட் அடிக்கிற பாட்டோ?" எண்டு. ஓம் ஐயா, ஒருவகையில் கரண்டில பிறக்கிற பாட்டுத்தான்.

இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லவேணும். புத்தாண்டுக் கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகள் தெரிவுசெய்ய நாங்கள் கூடினபோது, எங்கட பொடியளும் பிள்ளையளுமாக ஐந்து பேர் பதினைந்து நிமிஷம் கேட்டார்கள். அவர்கள் பாடப்போறதில்லை, ஆடப்போறதில்லை. கணினியிலும் சின்னச் சின்னப் பெட்டிகளிலும் தாங்களே செய்த இசையை மேசையில் வைத்து வாசிக்கப் போகிறார்களாம். கூட்டத்தில் இரண்டு மறுப்பு வந்தது. ஒருவர் சொன்னார்: "அது எங்கேயோ இருட்டு மண்டபத்துக்குள்ள நாலு பேர் கேக்கிற நிலக்கீழ் இசை. குடும்பங்கள் வாற மேடைக்குச் சரிவராது." மற்றவர் சொன்னார்: "அது இப்ப எல்லாக் கடையிலயும் போற இசைதானே. உலகம் முழுக்க ஓடுற இசைக்கு எங்கட சங்கம் ஏன் மேடை குடுக்கவேணும்?"

கவனியுங்கோ. ஒருவர் சொன்னது சரியெண்டால் மற்றவர் சொன்னது பிழையாக இருக்கவேணும். ஆனால் இரண்டு பேரும் வந்து சேர்ந்த முடிவு ஒண்டுதான்: வேண்டாம். இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரிச்சுப் பார்ப்பம் எண்டு நான் சொன்னன். "அப்ப நீரே வந்து பேசும்" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

நான் இசை படித்தவன் அல்ல. உயர்தரம் எழுதின கையோடு படிப்பு முடிஞ்சுது. மிச்சத்தை நாட்டு நிலைமை தீர்மானித்தது. இங்கே இரவு வேலை. இரும்புத் தகட்டை அமத்தி வளைக்கிற இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிறவன். அதனால் ஒரு தகுதி மட்டும் எனக்கு உண்டு. ஒரே தாளத்தை எட்டு மணித்தியாலம் கேட்டால் மனிசனுக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். முதல் மணித்தியாலம் எரிச்சல். இரண்டாவது மணித்தியாலம் காது மரத்துப் போகும். அதுக்குப் பிறகு அந்தச் சத்தத்துக்குள்ள வேற வேற சத்தம் கேட்கத் தொடங்கும். கை தன்பாட்டில் தாளத்துக்குப் போகும். இப்பிடியான இசையைக் கேட்கிறவர்கள் சொல்லுவதும் ஏறத்தாழ இதேதான்.

முதலில் சொற்களை விளங்கிக்கொள்ளுவம். இலத்திரனியல் இசை எண்டால், மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கி, இயந்திரத்தால் அதை ஒழுங்குபடுத்திச் செய்கிற இசை. அதற்குள் பல குடும்பம். நிமிஷத்துக்கு 120 தடவைக்குக் கொஞ்சம் கூடக்குறைய அடிவிழுந்தால் பெரும்பாலும் 'ஹவுஸ்'. அதைவிடச் சற்று வேகமாய், பாட்டுக் குரல் குறைந்து, இயந்திரம்போல இறுகி இருந்தால் 'ரெக்னோ'. 160ஐத் தாண்டி, தாளம் சிதறிச் சிதறி ஓடினால் 'ஜங்கிள்'. இவற்றுக்குள்ளும் ஆயிரம் கிளை. ஒரு கிளையைக் கேட்கிறவர் பக்கத்துக் கிளையைக் கேட்கமாட்டார். எங்கட ஊர்ச் சங்கங்கள் மாதிரி.

'நிலக்கீழ்' என்றால் பெரிய கம்பனியும் வானொலியும் தொடாத, தெரிஞ்ச ஆக்கள் தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லிப் பரவுகிற இசை. 'பெருநீரோட்டம்' என்றால் கடையில், காரில், கலியாண மண்டபத்தில் நாங்கள் தேடாமலே எங்களைத் தேடிவருகிற இசை. நிலக்கீழ் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். கனடாவுக்கு வந்த புதுசில நாங்கள் கனபேர் நிலக்கீழ் மனிசர்தானே. பேஸ்மென்றில இருந்தனாங்கள். நிலமட்டத்தில் ஒரு சின்ன யன்னல், அதுக்குள்ளால றோட்டில போற ஆக்களின்ர கால் மட்டும் தெரியும். பிறகு ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், மார்க்கத்திலிருந்து ஸ்ரௌவ்வில் எண்டு வடக்குப் பக்கமாக நகர்ந்து, இப்ப மேல்மாடியில் இருக்கிறம். பேஸ்மென்றில இப்ப எங்கட பிள்ளையள் கணினியோட இருக்கினம். கீழே இருப்பது என்பது ஒரு இடம். அது ஒருவருடைய தரம் அல்ல.

இனி, இந்த இசை பிறந்த இடத்துக்குப் போவம். அது வெகுதூரத்தில் இல்லை. இங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்காக நாலு, நாலரை மணித்தியாலம் ஓடினால் வின்சர் நகரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெற்றோயிற், கார்த் தொழிற்சாலைகளின் தலைநகரம். 1980களில் அந்தத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்குறைப்புச் செய்தன. மனிதன் நின்ற இடத்தில் ரோபோ வந்து நின்றது. அந்தக் காலத்தில் நகருக்கு வெளியே பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பினப் பொடியள், ஜுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்பவர்கள், வீட்டிலிருந்த கருவிகளை வைத்து ஒரு இசையைச் செய்தார்கள். அதுதான் ரெக்னோ. தகப்பன்மாரின் வேலையை இயந்திரம் எடுத்தது. பிள்ளைகள் இயந்திரத்தை எடுத்துப் பாட வைத்தார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் ஒன்ராறியோவிலும் ஒருவர் இருந்தார். றிச்சி ஹோட்டின். இங்கிலாந்தில் பிறந்து, ஒன்பது வயதில் குடும்பத்தோடு வின்சருக்குப் பக்கத்திலுள்ள லசால் என்ற ஊருக்குக் குடிவந்தவர். தகப்பனுக்குக் கார்க் கம்பனியில் ரோபோக்களைப் பராமரிக்கிற வேலை. மகன் ஆற்றைக் கடந்துபோய் டெற்றோயிற் இசையைக் கேட்டு, 1990இல் தன் நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, பிறகு உலகமெல்லாம் போய் வாசித்தார். குடிவந்த குடும்பம், தொழிற்சாலை வேலை, மகனுக்கு வேறொரு மோகம். எங்களுக்குத் தெரியாத கதையா இது?

கருவிகளின் கதை இன்னும் சுவையானது. யப்பானில் றோலண்ட் என்ற கம்பனி 1980இல் 'ரீ.ஆர். 808' என்றொரு தாளப்பெட்டியைச் செய்தது. பக்கத்தில் மிருதங்கக்காரர் இல்லாமல் பயிற்சி செய்ய எங்கட வித்துவான்மார் வைத்திருக்கிற தாளப்பெட்டி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கோ. உண்மையான மேளம்போலச் சத்தம் வரவில்லை என்று கனபேர் குறை சொன்னார்கள். ஏறத்தாழ 12,000 பெட்டியோடு 1983இல் உற்பத்தி நின்றுபோனது. அதே கம்பனி கிற்றார்க்காரருக்குத் துணையாகச் செய்த 'ரீ.பி. 303' என்ற பெட்டியும் 1984இல் நின்றுபோனது. இரண்டும் பழைய சாமான் கடைக்கும் அடகுக் கடைக்கும் வந்து சேர்ந்தன. அங்கே காசில்லாத பொடியள் மலிவாக வாங்கினார்கள். சிக்காகோவில் மூன்று பேர் அந்த 303 பெட்டியின் குமிழ்களைக் கண்டபாட்டுக்குத் திருப்ப, அது குழறிக் குழறி ஒரு சத்தம் போட்டது. 1987இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 'அசிட் ஹவுஸ்' என்ற புதுப் பிரிவு அதிலிருந்து கிளம்பியது. எங்கட தொழிற்சாலையில் இப்படிச் சத்தம் போட்டால் இயந்திரத்தை நிற்பாட்டிப்போட்டுச் சுப்பவைசரைக் கூப்பிடுவம். அவர்கள் நிற்பாட்டவில்லை.

இந்த இசை பிறந்த ஊரிலேயே கனபேருக்குத் தெரியாமல் இருந்தது. 1988இல் லண்டனில் ஒரு இசைத்தட்டுத் தொகுப்பு வெளிவந்தபிறகுதான் 'ரெக்னோ' என்ற பெயரே உலகுக்குத் தெரிந்தது. பேர்லின் சுவர் விழுந்தபின் ஜேர்மன் இளைஞர்கள் பாழடைந்த தொழிற்சாலைகளிலும் நிலவறைகளிலும் அதைக் கொண்டாடினார்கள். டெற்றோயிற் நகரம் 2000ஆம் ஆண்டுதான் தன் ஆற்றங்கரையில் அதற்கு ஒரு பெருவிழா எடுத்தது. முதல் சில வருஷம் இலவசம், 2005இலிருந்து ரிக்கற். 2024 மார்ச்சில் ஜேர்மனி, பேர்லினின் ரெக்னோவைத் தன் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடகுக் கடையில் தொடங்கினது அரசாங்கப் பட்டியலில் வந்து நிற்குது. இப்ப சொல்லுங்கோ, இது நிலக்கீழா, பெருநீரோட்டமா?

பம்பாய்க்கு வாருங்கோ. சரண்ஜித் சிங் என்று ஒரு வாத்தியக்காரர். ஹிந்திப் படங்களுக்குப் பின்னணி வாசித்தவர். 1982இல் யப்பானிலிருந்து வந்த அதே 808ஐயும் 303ஐயும் வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். வெளியிட்டது எச்.எம்.வி. என்கிற மிகப்பெரிய கம்பனி. பெருநீரோட்டத்துக்கு இதைவிடப் பெரிய வாசல் அந்த நாட்டில் இல்லை. ஆனாலும் அந்த இசைத்தட்டு விலைப்படவில்லை, மறந்துபோனார்கள். பிறகு ஒரு ஒல்லாந்துக்காரர் கண்டெடுத்து 2010இல் திரும்ப வெளியிட்டார். கேட்டவர்கள் அதிசயப்பட்டார்கள். சிக்காகோப் பொடியள் 1987இல் போட்ட சத்தத்தைப்போல ஒன்றை இந்த மனிசன் ஐந்து வருஷம் முந்தியே ராகத்தில் வாசித்திருக்கிறார். அவர் 2015இல் காலமாகுமுன் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துக் கைதட்டும் வாங்கினார். கனவருஷம் காத்திருந்த கைதட்டு. பெரிய கம்பனி வெளியிட்டும் நிலக்கீழுக்குப் போகலாம் என்பதற்கு இது சாட்சி.

எங்கட தமிழுக்கு வந்தால் கதை தலைகீழ். மேற்கு நாட்டில் இருட்டு மண்டபத்தில் தொடங்கினது எங்களுக்குச் சினிமாக் கொட்டகையில் தொடங்கினது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் 'ரோஜா'வோடு ஏ.ஆர். ரகுமான் வந்தார்; வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் கணினியும் இயந்திரத் தாளமுமாக அவர் செய்த இசை தமிழ்நாட்டின் தேநீர்க் கடையெல்லாம் ஒலித்தது. 1994இல் 'காதலன்' படப் பாட்டுகளுக்கு ஆடாத பொடியள் ஆர்? இலத்திரனியல் இசையை நாங்கள் முதலில் கேட்டதே பெருநீரோட்டமாகத்தான். பேர் மட்டும் சொல்லவில்லை. 'ரகுமான் பாட்டு' எண்டு சொன்னம், அவ்வளவுதான்.

ஆனால் அதை நாங்கள் எப்படிக் கேட்டோம்? 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. நான் அப்ப சின்னப் பொடியன். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வாற கரண்டில் றேடியோவும் கசெற்றும் கேட்ட வீடுகளில் எங்கட வீடும் ஒண்டு. சுற்றிற கை களைச்சால் பாட்டும் களைக்கும்; பாடுறவரின் குரல் கீழே இறங்கி அழுகிற மாதிரி வரும். குண்டுவீச்சு விமானம் வந்தால் எல்லாரும் பங்கருக்குள்ள. சென்னையில் அந்த நேரம் பெருநீரோட்டமாக ஓடின அதே பாட்டை நாங்கள் சொல்லுக்குச் சொல் நிலத்துக்குக் கீழே இருந்து முணுமுணுத்தனாங்கள். பாட்டு மாறவில்லை. கேட்கிறவன் நிற்கிற இடம்தான் மாறினது.

எங்கட பிள்ளையள் பெயர் சொல்லிக் கொண்டாடுகிற ஒருவரைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் காரணமாக 1986 அளவில் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் திரும்பினவர். அவருடைய அரசியலும் பேச்சும் எல்லாருக்கும் ஒத்துவருமோ என்பது வேறு கதை. நான் இசையை மட்டும் எடுக்கிறன். 'எம்.சி. 505' என்ற ஒரு பெட்டியை வைத்துத் தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார். முதல் இசைத்தொகுப்பு 2005இல், தகப்பனின் பெயரில். இரண்டாவது 2007இல், தாயின் பெயரில்: 'கலா'. அந்த நேரம் அமெரிக்க விசாச் சிக்கலால் அங்கே இருந்து வேலைசெய்ய முடியாமற்போக, சென்னை உட்பட ஊரூராகப் போய்ப் பதிவுசெய்தார். விசாத் தொல்லையையே பகிடி பண்ணி அவர் பாடின 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடத்துக்கு வந்தது. விசாவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தப் பகிடி விளங்கும்.

அந்தக் 'கலா' தொகுப்பில் உறுமி மேளம் கேட்கும். தமிழ்நாட்டில் கிராமத்துத் தெய்வத்துக்கும் சாவீட்டுக்கும் அடிக்கிற உறுமி. சென்னையில் மேளக்காரரைக் கொண்டு அடிப்பித்து, இயந்திரத் தாளத்தோடு கலந்து, லண்டன் நியூயோர்க் மண்டபங்களில் ஒலிக்க வைத்தார். மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் அதைப் புதுச் சத்தம் என்று எழுதின.

இந்த இடத்தில் எங்கட மனச்சாட்சியை ஒருக்கால் தொட்டுப் பார்க்கவேணும். உறுமியையும் பறையையும் நிலக்கீழுக்கு அனுப்பினது எந்தக் கம்பனி? எந்த வெள்ளைக்காரன்? ஒருத்தரும் இல்லை. நாங்கள்தான். சாவீட்டுக்குப் பறை இல்லாமல் பிரேதம் எடுக்கமாட்டம். ஆனால் பறை அடிச்சவரைப் படலைக்கு வெளியில நிற்பாட்டினம். சபையில் கச்சேரி, சுடலைக்குப் பறை எண்டு இசைக்கும் சாதி வைச்சம். நிலக்கீழ் இசை என்பது சிலவேளை இசைகாரர் தாங்களாகத் தெரிவுசெய்கிற இடம். கனவேளை மற்றவர்கள் அவர்களைத் தள்ளிவிடுகிற இடம். பேஸ்மென்றுக்கு விரும்பிப் போகிறவனும் இருக்கிறான், வேறு இடம் கிடைக்காமல் போகிறவனும் இருக்கிறான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது.

எங்கட பொப்பிசையை எடுங்கோ. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டையும் ஏ.ஈ. மனோகரனையும் இண்டைக்கு எங்கட பெரியவர்கள் கண்கலங்கக் கேட்கிறார்கள். கலியாண மண்டபத்தில் அந்தப் பாட்டுப் போனால் கைத்தடியோடு எழும்பி நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறன். அதே பாட்டு வந்த புதுசில, "இதென்ன கூத்து, சங்கீதம் கெட்டுப்போச்சு" எண்டு வீடுகளில் பேச்சு விழுந்ததாக அவர்களே சொல்லுகிறார்கள். அண்டைக்குப் பேச்சு வாங்கின பொடியள்தான் இண்டைக்குப் பேச்சுக் குடுக்கிற அப்பப்பாமார்.

ரொறன்ரோவிலும் இப்படித்தான். 1990களில் இங்கே பழைய களஞ்சியங்களில் இரவிரவாக ஜங்கிள் இசைக் கூட்டங்கள் நடந்தன. போதைமருந்தால் உயிரிழப்பும் நடந்தது. அந்தப் பயம் நியாயமான பயம், பெற்றோர் அதைச் சொன்னால் நான் மறுக்கமாட்டன். 2000ஆம் ஆண்டு மே மாதம் நகரசபை தன் கட்டிடங்களில் இக்கூட்டங்களை நிறுத்தி வைத்தது. ஓகஸ்ட் முதலாம் திகதி நகரமண்டபத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் இளைஞர் திரண்டு பட்டப்பகலில் இசை வாசித்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த மாதமே தடை நீங்கியது. ஒளிச்சு நடந்தால் தண்ணியும் இல்லை, காற்றும் இல்லை, வைத்தியரும் இல்லை. வெளிச்சத்தில் நடந்தால் எல்லாம் வைக்கலாம் என்ற வாதம் வென்றது. 2011இல் நயாகரா ஃபோல்ஸ் ஊரில் பிறந்த 'டெட்மௌஸ்' என்ற இசைக்காரர், பேஸ்போல் விளையாடுகிற ரோஜர்ஸ் சென்ரரில் வாசித்தார். 2012இல் டவுன்ஸ்வியூ பூங்காவில் இவ்வகை இசைக்கென்றே பெரிய கோடை விழா தொடங்கியது. தடைசெய்த நகரத்துக்கே அது வருமானமாகிப் போனது.

ஆனபடியால் என் தீர்ப்பைச் சொல்லுறன். நிலக்கீழா, பெருநீரோட்டமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. ஏனென்றால் இரண்டும் இசையின் குணம் அல்ல, இசை அந்த நேரம் நிற்கிற இடம். ஊரைப் பொறுத்து மாறும், வருஷத்தைப் பொறுத்து மாறும், கேட்கிறவரைப் பொறுத்து மாறும். அதனால் கூட்டத்தில் மறுத்த இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இடத்தைக் காரணம் காட்டி ஒரு இசையை ஏற்கவும் ஏலாது, தள்ளவும் ஏலாது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்துறது சுகம். எங்களுக்கு ஆறு கிடையாது. வழுக்கையாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரியில்தான் ஓடும். எங்கட தோட்டம், எங்கட குடி, எங்கட குளிப்பு எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கிற தண்ணியில்தான். நிலத்தடித் தண்ணிதான் எங்கட பெரிய நீரோட்டம்! கீழே இருக்கிறதால் அது மட்டமும் இல்லை, மேலே வந்ததால் அது கெட்டதும் இல்லை.

அந்தக் கிணறு எங்களுக்கு மூன்று பாடம் சொல்லுது. முதலாவது, இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும். ஐந்து பேர் பேஸ்மென்றுக்குள்ள தங்களுக்குத் தாங்களே வாசிச்சுக்கொண்டிருந்தால் இசை வளராது. தம்பிமாரே, இது உங்களுக்கு. "எங்கட இசை நாலு பேருக்குத்தான் விளங்கும்" என்று பெருமைப்படாதேயுங்கோ. ஆர் வந்தாலும் ஒரு வாளி அள்ளிக் குடுக்கப் பழகுங்கோ.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர் ஏறும். பெரிய மோட்டரைப் போட்டு இரவுபகல் இழுத்தால் நல்ல தண்ணி முடிஞ்சு கடல் தண்ணி வந்து நிற்கும். ஒரு பாட்டு ஓடுது எண்டால் அதேமாதிரி நூறு பாட்டுச் செய்து விற்கிற கம்பனிகளின் வேலை அதுதான். புகழுக்காக அந்த மோட்டரில் உங்களைக் கட்டிப்போடாதேயுங்கோ.

மூன்றாவதுதான் முக்கியம். கிணறு எவ்வளவு ஆழம் என்பதைவிட, ஆர் வெட்டினது, ஆரை அள்ள விடுறம் என்பதுதான் கேள்வி. எங்கட ஊரில் சில கிணறுகளில் சிலரை அள்ள விடாமல் வைத்திருந்த காலம் இருந்தது. தண்ணி கீழேதான் இருந்தது, தாகமும் இருந்தது, நடுவில் நாங்கள் நின்றோம். ஒரு இசையைப் பார்த்து நான் கேட்பது இவ்வளவும்தான்: வெட்டினவனுக்குப் பேர் கிடைச்சுதா? கூலி கிடைச்சுதா? அவன்ர பிள்ளை அதில் குடிக்க ஏலுமா? டெற்றோயிற் பொடியளுக்கும், சரண்ஜித் சிங்குக்கும், பறை அடிச்சவருக்கும் இதே கேள்விதான்.

செயற்குழுவிடம் நான் வைக்கிற வேண்டுகோள் சுருக்கமானது. அந்த ஐந்து பேருக்கும் பதினைந்து நிமிஷம் குடுப்பம். பரதநாட்டியத்துக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முதல். ஒலிபெருக்கிச் சத்தத்தை எங்கட ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மண்டபத்தில் கைக்குழந்தைகளும் இருதய வருத்தக்காரரும் இருப்பார்கள். வாசிக்கமுதல் அவர்களில் ஒருவர் மேடையில் வந்து, தாங்கள் என்ன செய்யிறம் எண்டு தமிழில் இரண்டு நிமிஷம் சொல்லவேணும். திக்கித் திணறினாலும் பரவாயில்லை. பறையோ உறுமியோ ஆருடைய வாசிப்பிலிருந்தாவது எடுத்தால், அடிச்சவரின் பேரை நிகழ்ச்சி நிரலில் போடவேணும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பதினைந்து நிமிஷம் தேத்தண்ணி குடிக்க வெளியில போகாதேயுங்கோ. முதல் ஐந்து நிமிஷம் எரிச்சலாக இருக்கும். அடுத்த ஐந்து நிமிஷம் காது மரத்துப் போகும். அதுக்குப் பிறகு என்ன கேட்குது எண்டு பொறுத்திருந்து பாருங்கோ. பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கோ; அந்தப் பிள்ளையளுக்கு அது பேசாமல் எழும்பிப் போறதைவிட மேல். கேட்டுப்போட்டுச் சொல்லுற குறை உறவு. கேளாமல் சொல்லுற குறை வேலி.

 பிறக்கிற புத்தாண்டில் எங்கட கிணறுகள் ஊறட்டும், வாறவர் எல்லாரும் அள்ளட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.